யார் பெயரில் எல்.சி.

ஜூலை 15, செவ்வாய்

கரண்ட் இல்லை. இதை எழுதுகிறவன் கரண்ட் கொடுக்கிற வேலைக்கு வந்தவன்.

மூன்று நாளாகச் சண்டை. திரிப்போலிக்குத் தெற்கே விமான நிலையச் சாலை யாருக்கு என்று. ஒரு பக்கம் புது அரசாங்கம். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, பாதி மந்திரிகள் வெளிநாட்டு ஹோட்டலிலிருந்து ஆட்சி செய்கிறார்கள். இன்னொரு பக்கம் கதீபாக்கள். கதீபா என்றால் படையணி. பழைய ஆட்சியைத் துரத்தியபோது இவர்களும் அவர்களும் ஒரே லாரியில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். இப்போது அதே லாரியில் பீரங்கியைக் கட்டி ஒருவரையொருவர் சுடுகிறார்கள்.

எங்கள் கம்பெனி கேம்ப் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. பத்தொன்பது பேர் இருந்தோம். பதினேழு பேர் ரம்ஜான் நோன்பு தொடங்கும் முன்பே லீவில் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். நான் ஜெபசிங், டிப்ளமா எலக்ட்ரிகல், வள்ளியூர். இன்னொருவர் மாசானமுத்து, லைன்மேன், பணகுடி. ஊரில் பதினோரு வருஷம் மின்வாரியத்தில் ஒப்பந்த ஆளாகக் கம்பம் ஏறியவர். நிரந்தரம் ஆக்கவில்லை, கோபித்துக்கொண்டு இங்கே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

மேனேஜர் நபீல் முதல் குண்டு விழுந்த அன்றே மால்டாவுக்குப் பறந்துவிட்டார். அங்கிருந்து ஃபோனில் நிர்வாகம். எங்கள் பாஸ்போர்ட் அவர் அறை லாக்கரில். லாக்கர் எண் அவர் மண்டையில்.

"கேட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. மொதல்ல லைன ஓட்டு, பெறவு நம்பர் சொல்லுதேங்கான்."

"அவன் அங்கன மீனு திங்கான். நம்ம பாஸ்போர்ட்டு பெட்டிக்குள்ள நோம்பு கெடக்கு" என்றார் மாசானம். பிறகு பருப்பில் உப்பு பார்த்தார். உப்பு அதிகம். அதையும் தின்றோம்.

ஜூலை 16, புதன்

தண்ணீர் வண்டி வரவில்லை. நாற்பத்திரண்டு டிகிரி. நபீல் ஒன்பது முறை பேசினார்.

ஜூலை 17, வியாழன்

வேலை நடந்தது. நடந்த விதத்தை எழுதி வைக்கிறேன், ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கிழக்கு சப்ஸ்டேஷன் அரசாங்கத்தின் கையில். அங்கே ஆபரேட்டர் கலீஃபா. மேற்கு சப்ஸ்டேஷன் கதீபாவின் கையில். அங்கே ஆபரேட்டர் சாலிம். நடுவில் ஆறு கிலோமீட்டர், எண்பத்துமூன்று கம்பம், முப்பதாயிரம் வோல்ட். அந்த லைனில்தான் ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் ஆறு கிணறுகளும் டயாலிசிஸ் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. இரண்டு படையும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். இரண்டு படையும் சுட்டு அறுப்பது அந்த லைனைத்தான்.

கலீஃபாவும் சாலிமும் பதினைந்து வருஷமாக ஃபோனில் வேலை பார்த்தவர்கள். ஆட்சி இரண்டு முறை மாறிவிட்டது, இவர்கள் பேச்சு மாறவில்லை. இந்த ஏற்பாடும் அவர்கள் செய்ததுதான். சூரியன் விழுந்ததும் இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தி நோன்பு திறக்கிறார்கள். 8:10 முதல் 8:50 வரை. யாரும் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. பசிக்கிறது, அவ்வளவுதான். அந்த நாற்பது நிமிடம் கம்பத்தில் ஆள் ஏறினால் சுடக்கூடாது என்று அவரவர் தளபதியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

எல்.சி. முறையைக் கொண்டுவந்தது மாசானம். லைன் கிளியர். நம்ம ஊர் வழக்கம். கம்பம் ஏறுகிறவன் தன் பெயர் சொல்லி ஆபரேட்டரிடம் வாங்கவேண்டும். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து (அதாவது கரண்ட்டை நிறுத்தி) பூட்டி, பெயரையும் நேரத்தையும் லாக் புத்தகத்தில் எழுதுவான். வாங்கியவன்தான் திருப்பித் தரவேண்டும். அவன் தரும்வரை ஜனாதிபதியே வந்து கேட்டாலும் பிரேக்கர் மூடாது. சாலிமுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேற்குப் பக்கம்தான் மின்சாரம் வரும் முனை என்பதால் எல்.சி. அவனிடம்தான். அவன் கிழக்கில் கலீஃபாவுக்குச் சொல்வான்.

29ஆம் கம்பத்தில் அறுந்த ஜம்பரை (கம்பியோடு கம்பியைச் சேர்க்கும் துண்டு) கட்டினோம். மாசானம் எல்.சி. வாங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் சங்கிலி மாட்டி (தப்பித்தவறிக் கரண்ட் வந்தால் ஆளுக்குள் போகாமல் தரைக்குப் போக), அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டார். பதினான்கு நிமிடம் இதற்கே போயிற்று. நான் கீழே நின்று வெந்துகொண்டிருந்தேன்.

"சீக்கிரம் அண்ணாச்சி. சூப்பு குடிச்சு முடிச்சிருவானுவ."

"குடிக்கட்டும். அவன் சோலிய அவன் பாக்கான், என் சோலிய நான் பாக்கேன்."

"பதினாலு நிமிசம் போச்சு."

"அப்பம் நாளைக்கு இஞ்சினியரு ஏறும். நான் கீழ நின்னு வாட்ச்ச பாக்கேன்."

8:47க்கு லைன் ஓடியது. சாலிம் ஃபோனில் சிரித்தான். அவன் அரபியும் உடைந்த ஆங்கிலமும் கலந்து பேசுவதை நான் தமிழில் எழுதுகிறேன்: "உங்க ஆள் கிழவி மாதிரி மெதுவா வேலை செய்யறாரு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

ஜூலை 18, வெள்ளி

பம்பு ஓடுகிறது. குளித்தேன். இரண்டு முறை.

ஜூலை 19, சனி

மறுபடி அறுத்துவிட்டார்கள். 31ஆம் கம்பம்.

போனோம். மாசானம் எர்த் மாட்டி முடிக்கும்போதே, 8:32க்கு, எந்த நாயோ சூப்பைச் சீக்கிரம் குடித்துவிட்டுச் சுட ஆரம்பித்தான். வேலை தொடங்கவே இல்லை. மாசானம் ஒரு செட் எர்த்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினார், எல்.சி.யைத் திருப்பினார், ஓடினோம். இன்னொரு செட்டைக் கழற்றிக் கம்பத்தடியில் போட்டிருந்தார், நான் எடுத்து வரவேண்டியது. விட்டுவிட்டேன். பாதி வழியில் அவர் கேட்டார். வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் திருப்பவில்லை. செம்புச் சங்கிலிக்காக யாரும் சாகமுடியாது.

ஜூலை 20, ஞாயிறு

சங்கிலி போயிற்று. செம்பு. எந்தப் பக்கத்துக்காரன் எடுத்தானோ. இனி ஒரு செட்தான்.

தூதரகத்திலிருந்து கூப்பிட்டார்கள். 26ஆம் தேதி காலை நர்சுகளுக்காகத் துனீசியா எல்லைக்கு ஒரு பஸ் போகிறது, இரண்டு இடம் இருக்கிறது, பாஸ்போர்ட் கையில் இருக்கவேண்டும். நபீலைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சந்தோஷம். 31ஆம் கம்பத்தை முடித்துவிட்டுச் சொல்லுங்கள்."

"சார், குண்டு விழுகிறது."

"இங்கேயும் மழை பெய்கிறது" என்றார். உண்மையாகவே இப்படித்தான் சொன்னார். ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன், வேறு ஃபோன் இல்லை.

மாசானம் எர்த் இல்லாமல் ஏறமாட்டேன் என்கிறார். ஒரு செட் இருக்கிறதே என்றேன். ஒரு செட் ஒரு பக்கத்துக்குத்தான் என்றார். மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். முதலில் மேற்குப் பக்கம் மாட்டி அந்தப் பக்க ஜம்பரைக் கட்டுவது, பிறகு கழற்றிக் கிழக்குப் பக்கம் மாட்டி இதைக் கட்டுவது. அவர் மிச்சமிருந்த சங்கிலியை எடுத்துக் கொக்கி கொக்கியாகப் பார்த்தார். பிறகு, "சரி, மெதுவா செய்வோம்" என்றார்.

ஜூலை 21, திங்கள்

இன்று மாலை 8:41க்கு 31ஆம் கம்பத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது லைன் மேற்கிலிருந்து சார்ஜ் ஆனது. மாசானமுத்து மேலே இருந்தார். வலது கை. பெல்ட் இருந்ததால் விழவில்லை, தொங்கினார். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் நானும் கயிறு போட்டு இறக்கினோம். மூச்சு இருந்தது. தீய்ந்த வாடை என் சட்டையில் இருக்கிறது.

எல்.சி. இன்று என் பெயரில். அவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார், ஃபோன் என்னிடம் இருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது, நானே கேட்டு வாங்கினேன். வேறொன்றுமில்லை.

மேற்கிலிருந்து சார்ஜ் ஆனது. கிழக்கு பிரேக்கர் திறந்தே இருந்தது. கலீஃபாவின் லாக் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடுக்கியைச் சின்ன விரலால் சுழற்றுகிற கை. ஜெனரேட்டரில் எரிகிற ஒரே விளக்கில் ஆபரேஷன். அந்த டாக்டரை மட்டும் திட்டத் தோன்றவில்லை.

மதியம் நபீல் ஓர் அறிக்கையை ஃபோனுக்கு அனுப்பினார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். 'நல்லெண்ண அடிப்படையில் பழுது பார்த்த இந்தியத் தொழிலாளியின் மீது, ஆயுதக் குழுவின் கட்டுப்பாட்டிலுள்ள மேற்கு நிலைய ஆபரேட்டர் வேண்டுமென்றே மின்சாரம் பாய்ச்சினார்.' கீழே என் பெயர். கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

"வேண்டுமென்றே என்று எனக்குத் தெரியாது சார்."

"மேற்கிலிருந்து வந்ததா இல்லையா?"

"வந்தது."

"அப்புறம் என்ன. இது விபத்து என்றால் கம்பெனி மேல் வரும். உங்கள் மேலும் வரும். எல்.சி. யார் பெயரில் என்று கேட்பார்கள்."

மேற்கிலிருந்துதான் வந்தது. அதில் பொய் இல்லை. போட்டேன்.

பத்தாவது நிமிடம் லாக்கர் எண் வந்தது. 4410. இரண்டு பாஸ்போர்ட்டும் இப்போது என் தலையணைக்கடியில்.

சாயங்காலம் அரசாங்க ரேடியோவில் வந்துவிட்டது. கிளர்ச்சிக்காரர்களின் காட்டுமிராண்டித்தனம் என்று. இருட்டும் முன்பே மேற்குப் பக்கம் அரசாங்க பீரங்கிகள் அடிக்க ஆரம்பித்தன. நோன்பு திறக்கிற நேரத்திலும் நிற்கவில்லை. அந்த நாற்பது நிமிடச் சமாதானமும் போயிற்று.

ஜூலை 23, புதன்

கலீஃபா கேம்ப்புக்கு நடந்தே வந்தான். ஐம்பது வயது இருக்கும், தொப்பை, வியர்த்துக் கொட்டியது. நோன்பு என்பதால் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாலிமைக் கதீபாக்காரங்க பிடிச்சு வச்சிருக்காங்க. சப்ஸ்டேஷன் பின்னாடி ஒரு பண்ணை வீட்ல. அடிக்கிறாங்க."

"அவங்க ஆளை அவங்களே ஏன்?"

"ஏன்னு கேக்கறியா? தளபதி வாக்குக் கொடுத்திருந்தாரு, கம்பத்துல ஆள் இருக்கும்போது ஒண்ணும் நடக்காதுன்னு. இப்ப ஊரே அவரைக் காறித் துப்புது. அரசாங்கம் குண்டு போடுது. யார் சொல்லி சுவிட்சைப் போட்டே, யார்கிட்ட காசு வாங்கினேன்னு சாலிமைக் கேக்கறாங்க. எல்.சி. திரும்பி வந்துச்சு, எழுதி வச்சிருக்கேன்னு அவன் சொல்றான். நீயே எழுதிக்கிட்டேங்கறாங்க."

நான் செருப்பைத் தேடி மாட்டினேன்.

"எல்.சி. உன் பேர்ல. நீ அவனுக்கு ஃபோன் பண்ணினியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வந்த வழியே நடந்து போனான். அந்த வெயிலில்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். எர்த் இறங்கியதை நான் பார்த்தேன். வண்டி அருகே நின்றேன், ஐம்பது அடி தள்ளி. சங்கிலி கழன்று கம்பத்தோடு தொங்கியதைப் பார்த்தேன். எர்த்தைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எந்த ஊர் லைன்மேனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். இரண்டு செட் இருக்கிற எந்த ஊரிலும்.

ஜூலை 24, வியாழன்

டயாலிசிஸுக்கு டீசல் நாளைவரைதான். எழுத வேறொன்றுமில்லை.

ஜூலை 25, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரி. மாசானம் உட்கார்ந்திருந்தார். இடது கையால் பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுக்க முயன்றுகொண்டிருந்தார். நான் வாங்கி எடுத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது, நாளை ஏழு மணிக்கு பஸ், இரண்டு இடமும் உறுதி, நர்சுகள் கூடவே வருகிறார்கள், கட்டு மாற்றுவார்கள் என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சாலிம் எப்படி இருக்கான்?" என்றார்.

தெரியாது என்றேன்.

"தெரியாதா?"

"பிடிச்சு வச்சிருக்காங்களாம்."

"அடிக்காங்களாக்கும்."

"ஆமா."

அவர் அடுத்த பழத்தை எடுத்தார். அதை என்னிடம் கொடுக்கவில்லை. பல்லால் கடித்துக் கொட்டையைத் துப்பினார்.

"அண்ணாச்சி, எல்.சி.ய நான்தான் திருப்புனேன். எர்த்து கழண்டத பாத்தேன். முடிஞ்சுதுன்னு நெனச்சேன். உங்கள்ட்ட கேக்கல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாத்தம்லா. மேல இருந்தா எல்லாம் தெரியும். நான் சங்கிலிய கெழக்க மாட்டக் கைய நீட்டுதேன். நீ ஃபோன காதுல வச்சிட்டு வண்டியப் பாத்து நடக்க. லேய்னு சத்தம் போட வாயத் தொறந்தேன். அதுக்குள்ள வந்துட்டு."

"நாலு நாளாச்சு. ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துட்டு கெடந்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தேன். அதையும் பார்க்க முடியவில்லை, ஜன்னலைப் பார்த்தேன்.

"எவளோ ஒரு நர்சு ரேடியோல வந்தத சொன்னா, நீ கையெழுத்துப் போட்டத. அன்னைக்கே இந்த ஒத்தக் கையால உன் கழுத்தப் பிடிச்சிருப்பேன், எந்திரிக்க முடியல. கை போனதுக்கு உன்ன வைய வேண்டியது நெறைய கெடக்கு வே. அத ஊருக்குப் போயி நெதானமா வையுதேன், ஆயுசு கெடக்கு. ஆனா அந்த மனுசன் என்ன செஞ்சான்? நீ குடுத்த, அவன் வாங்குனான். வாங்குனா போடணும், அதான் அவன் சோலி. அதுக்கு அவன அடிக்கானுவ."

"நான் போயிச் சொன்னா என்னயும் பிடிச்சு வப்பானுவ."

"வப்பானுவ."

"பஸ்ஸு போயிரும்."

"போவும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவர் மேல்தான். வேறு யார் மேலும் படமுடியாத ஆத்திரம். "எல்லாத்துக்கும் மெதுவா மெதுவான்னு சொன்னீங்களே, அந்த ஒரு செட்ட வச்சு ஏறமாட்டேன்னு ஒரேயடியா சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார். "அத நான் ஒத்துக்கிட்டேன். நீ?"

வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் டயாலிசிஸுக்கு வந்தவர்கள் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை.

கிழக்கு சப்ஸ்டேஷனுக்குப் போய்க் கலீஃபாவிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "இருபத்தொரு செகண்ட் பேசினதா சாலிம் புத்தகத்துல எழுதியிருக்கான். உன் ஃபோனைக் காட்டு" என்றான். காட்டினேன். ஜூலை 21, 8:40, இருபத்தொரு செகண்ட்.

"நாளைக்கு நோன்பு திறக்கிற நேரத்துல போவோம். இந்தப் பக்கம் சுடாம இருக்க நான் பேசறேன். ஃபோனைக் கொண்டு வா. அழிச்சிடாதே."

அதை அவன் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளில் அந்த எண்ணை அழிக்கவும் இல்லை, அழிக்காமல் இருக்க முடிவெடுக்கவும் இல்லை.

ஜூலை 26, சனி

காலை 6:40. மாசானத்தை பஸ்ஸில் ஏற்றினேன். நர்சுகள் ஜன்னலோரம் இடம் விட்டுத் தந்தார்கள். அவர் பையை மேலே வைத்தேன். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டேன். இடது கையால் அவருக்குப் போட வரவில்லை.

"நீ வரலயா" என்று கேட்கவில்லை. நான் ஏறாததைப் பார்த்தார். "வீட்டுக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

"என்னன்னு?"

"வேல இருக்குன்னு."

மாலை 8:15க்குக் கலீஃபாவும் நானும் நடந்து போனோம். அவன் ஒரு வெள்ளைத் தலையணை உறையைக் குச்சியில் கட்டியிருந்தான். சாலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இடிந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிக்க, கரண்டி சத்தம் கேட்டது.

மேற்கு சப்ஸ்டேஷனில் தளபதி ஹம்ஸா தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முன்பு பல் டாக்டராக இருந்தவராம். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். லாக் புத்தகத்தையும் என் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 8:40. 8:40.

"ரேடியோல வந்த காகிதத்துல இருக்கறது உன் கையெழுத்தா?"

"ஆமா."

"அந்தக் காகிதத்துக்கு அப்புறம் என் பசங்க ஏழு பேர் செத்துட்டாங்க. தெரியுமா?"

தெரியாது. நான் அவர் தட்டில் இருந்த பேரீச்சம்பழங்களைப் பார்த்தேன். எண்ணவில்லை. பார்த்தேன்.

ஒருவன் ஃபோனில் படம் பிடிக்க, நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்தார்கள். சொன்னேன். எர்த் செட்டை விட்டு வந்ததையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

பிறகு சாலிமைக் கொண்டு வந்தார்கள். இத்தனை நாள் குரல்தான் தெரியும், ஆளை முதல்முறை பார்க்கிறேன். ஒல்லி. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. வலது கை விரல்களைத் துணியில் சுற்றியிருந்தான். என்னைக் கலீஃபா காட்டினான். அவன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"அவர் பிழைச்சாரா?"

"பிழைச்சார். கை போச்சு."

தலையை ஆட்டினான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் கேட்க நிற்கவில்லை. கலீஃபாவின் தோளில் சாய்ந்து வாசலைத் தாண்டிப் போனான்.

நானும் எழுந்தேன். ஹம்ஸா, "நீ எங்கே?" என்றார்.

"முடிந்தது."

"பெருநாளுக்கு ஊருக்குத் தண்ணி வேணும். என் ஆபரேட்டர் விரலால பேனா பிடிக்க முடியாது. அந்த நாற்காலி காலியா இருக்கு. நீ படிச்சவன்தானே." என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு லாக்கர்.

ஜூலை 27, ஞாயிறு

மேற்கு சப்ஸ்டேஷன். கன்ட்ரோல் அறை. ஜன்னலுக்கு மணல் மூட்டை. நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. யாரும் அடிக்கவில்லை. சோறு கொடுத்தார்கள்.

என் வீடியோவை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அரசாங்க ரேடியோ அது மிரட்டி எடுத்தது என்கிறது. நபீல் குறுஞ்செய்தி அனுப்பினார்: உங்கள் ஒப்பந்தம் ரத்து. வாழ்க.

காலையில் இரண்டு பக்கமும் பேசி மறுபடி நாற்பது நிமிடம் சம்மதித்தார்கள். நாளை பெருநாள். நாளையிலிருந்து நோன்பு இல்லை. நோன்பு இல்லாவிட்டால் இந்த நாற்பது நிமிடமும் இல்லை. இன்றுதான் கடைசி.

31ஆம் கம்பத்துக்கு நகராட்சியிலிருந்து ஆள். 8:12க்கு ஃபோன் வந்தது.

"எல்.சி. வேணும்."

"பேர்?"

"யூனுஸ்."

"எர்த் எத்தனை செட்?"

"ரெண்டு."

"நீதான் ஏறறியா, வேற ஆளா?"

"நான்தான்."

"நீயே கூப்பிடணும். உன் குரல்லதான் எடுத்துப்பேன்."

பிரேக்கரைத் திறந்தேன், பூட்டினேன், எழுதினேன். யூனுஸ், 8:14.

8:30. ஹம்ஸா வந்து பின்னால் நின்றார். 8:40. உட்கார்ந்தார். 8:50க்குக் கிழக்கே முதல் குண்டு. பிறகு இந்தப் பக்கம் பதில். வழக்கம்போல.

"போடு" என்றார் ஹம்ஸா.

"எல்.சி. வரவில்லை."

"ஓடியிருப்பான். இல்லைன்னா செத்திருப்பான். சுடறது கேக்கலையா?"

"கேட்கிறது. அவன் கூப்பிடவில்லை."

"விடிஞ்சா பெருநாள். ஆஸ்பத்திரியில நேத்து மூணு பேர் போயிட்டாங்க. ஆறு கிணறு. ஒருத்தனுக்காக இவ்வளவையும் நிறுத்துவியா?"

அவர் சொல்வது சரிதான். ஆஸ்பத்திரி வாசல் வரிசையை நான் பார்த்தவன். சரியாக இருப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. யூனுஸ் மேல் ஆத்திரம், ஒரு ஜம்பருக்கு எவ்வளவு நேரம். கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிடவில்லை. கம்பத்தின் மேல் இருப்பவன் இரண்டு கையையும் வேலையில் வைத்திருப்பான்.

ஹம்ஸா துப்பாக்கியை எடுத்து லாக் புத்தகத்தின் மேல் வைத்தார். அதில் எழுத இடமில்லாததால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

8:58. பிரேக்கர் பூட்டின் சாவி என் இடது கையில்.

9:03. ஹம்ஸா மறுபடி சொன்னார். இந்த முறை கத்தவில்லை. பல் டாக்டர் குரலில் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

9:07. ஃபோன் வரவில்லை. உட்கார்ந்திருக்கிறேன்.